"கிளவுஸ் போட்டிருக்கேனே அக்கா!": வீட்டுப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்கே போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வருபவர்களைக் கூடவே இருந்து பழக்குவது என் பொறுப்பு. கை கழுவ வேண்டும், மாஸ்க் போட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்துத் தவறுகள் சில இன்றும் அப்படியே தொடர்கின்றன. அதில் ஒன்றைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

ஒரே ஜோடி கிளவுஸில் எல்லா வேலையும்

படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவர். புதிதாக வந்த பெண் அவருக்கு டயப்பர் மாற்றினார். முகம் சுளிக்காமல், பொறுமையாகச் செய்தார். அப்புறம் அதே கிளவுஸோடு போர்வையை இழுத்துவிட்டார், யூரின் பேக்கைத் திறந்து காலி செய்தார், அலமாரியைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்தார். நடுவில் போன் அடித்தது, அதையும் எடுத்தார். நிறுத்தச் சொன்னதும், "கிளவுஸ் போட்டிருக்கேனே அக்கா" என்றார்.

அந்த கிளவுஸ் காப்பாற்றியது அவருடைய கையைத்தான். பெரியவருக்கு அதனால் என்ன பாதுகாப்பு? மலத்தில் இருக்கும் கிருமிகள் யூரின் டியூப் வழியாக ஏறினால் சிறுநீர்த் தொற்று வரும். படுக்கைப்புண்ணில் பட்டால் புண் ஆறுவது கஷ்டம். வெறுங்கையில் அழுக்குப் பட்டால் உடனே கழுவத் தோன்றும். கிளவுஸ் போட்டதும் அந்த உறுத்தல் போய்விடுகிறது. இதே பழக்கம் இருந்த இன்னொரு வீட்டில், ஒரு அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்தது. மருந்தை மாற்றிக்கொண்டே இருந்தார்களே தவிர, பராமரிப்பவரின் கையை யாரும் கவனிக்கவில்லை.

ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி என்று நினைக்காதீர்கள். ஒரு வேலைக்கு ஒரு ஜோடி. ஒரே ஆளிடம்கூட, அழுக்கான இடத்திலிருந்து சுத்தமான இடத்துக்குப் போகும்முன் கழற்றிவிட்டுக் கை கழுவி, புது ஜோடி போட வேண்டும். கழற்றியபின் ஏன் கழுவ வேண்டும் என்று கேட்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம், கழற்றும்போது மணிக்கட்டில் அழுக்குப் படும். சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி, சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி. உலக சுகாதார நிறுவனம் கை சுத்தத்துக்குச் சொல்லும் 5 தருணங்களில் (நோயாளியைத் தொடும்முன், தொட்டபின் போன்றவை) ஒன்றுகூட கிளவுஸ் போட்டதால் தள்ளுபடி ஆவதில்லை.

சிலர் கிளவுஸ் மேலேயே சானிடைசர் தேய்த்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகிறார்கள். ஒருமுறை பயன்படுத்தும் கிளவுஸ் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆல்கஹால் பட்டால் பலவீனமாகலாம்.

வழி எளிதுதான். வேலையைத் தொடங்கும்முன்பே துடைக்கும் துணி, மாற்று டயப்பர், கூடுதல் கிளவுஸ், குப்பைப் பை எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வையுங்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

கழற்றும் வரிசை

போடுவதில் காட்டும் கவனம் கழற்றுவதில் இருப்பதில்லை. முதலில் கிளவுஸ், அடுத்து ஏப்ரன், பாதுகாப்புக் கண்ணாடி, கடைசியில் மாஸ்க். மாஸ்க்கின் முன்பக்கத்தைத் தொடாமல் நாடாவைப் பிடித்துக் கழற்றுங்கள். பிறகு கை கழுவுங்கள்.

தாடியோடு என்95 மாஸ்க்

ஓரத்தில் காற்றுப் புகும். மழித்துவிட்டுப் போடுங்கள்.

வயிற்றுப்போக்கு நோயாளியிடம் சானிடைசர் மட்டும்

போதாது. வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸ் போன்ற கிருமிகளை ஆல்கஹால் சரியாக ஒழிக்காது. சோப்பும் தண்ணீரும்தான்.

பிளீச்சோடு கழிவறை ஆசிட்டைக் கலப்பது

கூடவே கூடாது. குளோரின் வாயு வரும்.

ஊசிக்குத் திரும்ப மூடி போடுவது

வேண்டாம். குத்துப்படாத கெட்டியான டப்பாவில் அப்படியே போடுங்கள். தவறிக் குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு, அந்த நிமிடமே மேற்பார்வையாளருக்குச் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் ஊசி குத்திய 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லது.