உபுண்டு சர்வர்ல பேக்கேஜ் அப்டேட்டை பைத்தான்ல எழுதுறது எப்படி

சர்வர் அஞ்சாறு ஆயிட்டா ஒவ்வொண்ணுக்குள்ளயும் போயி ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேட்னு (ஆப்ட்ங்கிறது பேக்கேஜைப் போடுற, புதுப்பிக்கிற கருவி) அடிச்சிட்டு இருக்க முடியாது, அதனால எல்லாரும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி அவுட்புட்டை கிரெப் பண்ணி, அதாவது வேண்டிய வரியை மட்டும் தேடி எடுத்து, ஓட்டுவோம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் ஓட்டினேன். ஆனா ஆப்ட் கமாண்டோட அவுட்புட்டை இன்னொரு கமாண்டுக்கு பைப்ல விட்டா அதுவே வார்னிங் குடுக்குது, ஸ்கிரிப்ட்ல என்னை நம்பாதீங்கன்னு. அதை மதிக்கணும்ங்க. டெபியன், உபுண்டு ரெண்டுக்கும் பைத்தான் ஆப்ட்னு ஒரு லைப்ரரி இருக்கு, தானா செக்யூரிட்டி அப்டேட் போடுற அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் கூட இதை வச்சு எழுதினதுதான்.

இதை பைத்தானோட வழக்கமான இன்ஸ்டாலர் பிப்ல போடாதீங்க, அங்க கிடக்குறது ரொம்பப் பழசு. பைத்தான்3-ஆப்ட்ங்கிற பேக்கேஜை ஆப்ட் மூலமாவே போடுங்க. வெர்ச்சுவல் என்விரான்மென்ட்ல, அதாவது ஒரு புராஜெக்டுக்குன்னு தனியா வச்ச பைத்தான்ல, இம்போர்ட் ஆகலன்னா அதை சிஸ்டம் சைட் பேக்கேஜஸ் ஆப்ஷனோட திரும்ப உருவாக்குங்க.

இப்ப ஆப்ட்னு இம்போர்ட் பண்ணி அதுல இருந்து கேஷ்ங்கிற, பேக்கேஜ் தகவல் எல்லாம் இருக்கிற ஆப்ஜெக்ட் ஒண்ணு எடுங்க. டிக்ஷனரி மாதிரிதான், ஹெச்டாப்னு பேரைக் குடுத்தா அந்த பேக்கேஜ் வரும், இன்ஸ்டால் ஆயிருக்கா, புது வெர்ஷன் இருக்கான்னு அதுகிட்டயே கேக்கலாம், இவ்வளவுக்கும் ரூட், அதாவது அட்மின் உரிமை, வேண்டாம். லிஸ்டைப் புதுப்பிக்க, மாத்தம் பண்ணத்தான் ரூட் வேணும். கேஷ்ல அப்டேட் கூப்பிட்டதும் மறக்காம ஓப்பனையும் கூப்பிடுங்க, இல்லன்னா பழைய தகவலையே பாத்துட்டு எதுவும் வரலையேன்னு முழிப்பீங்க.

அடுத்ததுதான் முக்கியம். மார்க் இன்ஸ்டால், மார்க் டெலீட், அப்கிரேட் இதெல்லாம் கூப்பிட்ட உடனே எதுவும் நடந்துடாது, குறிச்சு மட்டும்தான் வைக்கும், கமிட் கூப்பிட்டாதான் நிஜமா நடக்கும். இந்த இடைவெளியை விட்றாதீங்க, ஏன்னா நீங்க ஒண்ணைப் போடச் சொன்னா டிபென்டென்சி, அதாவது ஒரு பேக்கேஜ் ஓட வேற எது வேணுங்கிறதை, சரி பண்றேன்னு அது வேற ரெண்டைத் தூக்கறதுக்கும் குறிச்சு வைக்கலாம். கமிட்டுக்கு முன்னாடி கெட் சேஞ்சஸ்ல வர்ற லிஸ்ட்டை ஒவ்வொண்ணா பாத்து ஒரு பதிவு ஃபைல்ல எழுதுங்க, டெலீட் கவுன்ட் பூஜ்யத்துக்கு மேல போனா கிளியர் பண்ணிட்டு ஸ்கிரிப்ட்டை நிறுத்தி உங்களுக்கு ஒரு மெயில் அனுப்ப வைங்க. டேட்டாபேஸ் ஓடுற மெஷின்ல நான் இது இல்லாம கமிட்டே எழுத மாட்டேன்.

கமிட் பண்ணும்போது லாக், அதாவது ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் மாத்துறதுக்கான பூட்டு, கிடைக்கலன்னு எக்ஸெப்ஷன் வரலாம், பெரும்பாலும் பின்னாடி அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் ஓடிட்டு இருக்கும். அதைப் பிடிச்சு ஒரு நிமிஷம் விட்டு திரும்ப முயற்சி பண்ணுங்க. லாக் ஃபைலை மட்டும் அழிக்காதீங்க, ரெண்டு பேர் ஒரே நேரத்துல டிபிகேஜி டேட்டாபேஸ்ல, அதாவது எந்த பேக்கேஜ் இருக்குங்கிற கணக்குல, எழுதினா அப்புறம் அதைச் சரி பண்றதுக்குள்ள விடிஞ்சிடும்.

இன்னொண்ணு, சில பேக்கேஜ் நடுவுல கேள்வி கேட்டு நிக்கும், ராத்திரி கிரான்ல, அதாவது குறிச்ச நேரத்துல தானா, ஓடும்போது யாரு பதில் சொல்றது? டெபியன் ஃப்ரன்ட்எண்ட்ங்கிற என்விரான்மென்ட் வேரியபிளை நான்இன்டராக்டிவ்னு ஸ்கிரிப்ட் ஆரம்பத்துலயே வச்சிடுங்க.