ரியாக்ட் 19-க்கு மாறியதும் என்பிஎம் முரண்டு பிடித்தால்

வெப் பக்கங்களின் இன்டர்ஃபேஸைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ரியாக்டை 19-க்கு மாற்றி, பேக்கேஜ்களை இறக்கும் கருவியான என்பிஎம்மில் இன்ஸ்டால் போட்டதும் சிவப்பில் ஒரு பத்தி வருகிறது, தலையில் 'இ-ரிசால்வ்' என்ற எரர் கோடு. பலரும் கடைசி வரியை மட்டும் படிப்பார்கள்: ஃபோர்ஸ் அல்லது லெகசி-பியர்-டெப்ஸ் (முரணைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் ஃபிளாக்குகள்) சேர்த்து ஓட்டுங்கள் என்று என்பிஎம்மே சொல்கிறதே! சொல்லும்தான். அப்படி ஓட்டினால் இன்ஸ்டால் முடிந்துவிடும், வெடிப்பது பிரவுசரில்.

படிக்க வேண்டியது நடுப்பகுதி. 'ஃபவுண்ட்' வரியில் நீங்கள் கேட்ட ரியாக்ட் 19 இருக்கும். 'குட் நாட் ரிசால்வ்' என்பதற்குக் கீழே, ஒத்துவராதவர் யார் என்று பெயரோடு இருக்கும். என் அட்மின் பேனலில் அது ரியாக்ட்-குவில் 2.0.0 என்ற டெக்ஸ்ட் எடிட்டர் பேக்கேஜ். ரியாக்ட் 16, 17, 18 இவற்றில் ஒன்றுதான் வேண்டும் என்று அதன் பியர் டிபெண்டன்சி (கூட இருக்க வேண்டிய பேக்கேஜ், வெர்ஷன் பற்றிய நிபந்தனை) சொல்கிறது. என்பிஎம் 6-ல் இதற்கு ஒரு வார்னிங்தான் வரும். 7-லிருந்துதான் இன்ஸ்டாலே நிற்கிறது. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

அப்புறம் ஒரு கேள்வி: அந்த பேக்கேஜ் 19-ல் உண்மையிலேயே ஓடாதா, இல்லை நம்பரை மட்டும் யாரும் மாற்றவில்லையா? நோட் மாட்யூல்ஸில் அதன் ஃபோல்டருக்குள் 'ஃபைண்ட் டாம் நோட்' (findDOMNode) என்று தேடுங்கள். 19-ல் அந்த ஃபங்ஷனைத் தூக்கிவிட்டார்கள். ரியாக்ட்-குவில் அதைக் கூப்பிடுகிறது. பில்ட் பாஸாகும், எடிட்டர் இருக்கும் பக்கத்தைத் திறந்தால் விழும். ரியாக்ட்-குவில்-நியூ என்ற ஃபோர்க்குக்கு (அதன் கோடிலிருந்து தனியாகப் பிரிந்த பதிப்பு) மாறினேன். பெரும்பாலும் இம்போர்ட் வரிகளை மாற்றும் வேலைதான்.

தேடியும் நீக்கப்பட்ட எதுவும் சிக்கவில்லை என்றால் பேக்கேஜ்.ஜேசனில் 'ஓவர்ரைட்ஸ்' (overrides) போட்டு, அந்த ஒரு பேக்கேஜுக்கு மட்டும் உங்கள் ரியாக்டையே கொடுங்கள். ப்ராஜெக்ட் முழுக்க லெகசி ஃபிளாக் வைத்தால் நாளை வரும் நிஜ முரணும் கண்ணில் படாது.

இதைவிடப் படுத்துவது டிஃபால்ட்-ப்ராப்ஸ், அதாவது காம்போனன்ட்டுக்கு நாம் மதிப்பு தராதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்புகள். 19-ல் ஃபங்ஷன் காம்போனன்ட்டுகளுக்கு அது செல்லாது. எரர் வராது, பட்டனுக்கு டிஃபால்ட் சைஸ் 'மீடியம்' என்று வைத்திருந்தால் இப்போது 'அன்டிஃபைன்ட்' போகும், ஸ்டைல் இல்லாத பட்டன் நிற்கும். அதனால் நேராக 19-க்குத் தாவாமல் முதலில் 18.3 போட்டு எல்லாப் பக்கத்தையும் கிளிக் செய்து பாருங்கள். 19-ல் போகப்போகிற பல விஷயங்களுக்குக் கன்சோலில் வார்னிங் கொடுப்பதற்காகவே வந்த வெர்ஷன் அது.

'இன்வாலிட் ஹுக் கால்' வந்தால் உடனே உங்கள் ஹுக்கை (ஸ்டேட் போன்றவற்றைக் கையாளும் ரியாக்ட் ஃபங்ஷன்) சந்தேகப்பட வேண்டாம். 'என்பிஎம் எல்எஸ் ரியாக்ட்' ஓட்டுங்கள். வரிகளில் ஒரே வெர்ஷனும் 'டீடூப்ட்' (ஒரே பிரதியைப் பகிர்கிறது) என்றும் இருந்தால் சரி. எங்காவது தனியாக ஒரு 18 ஒட்டிக்கொண்டிருந்தால், ஆப்பில் இரண்டு ரியாக்ட் ஓடுகிறது. அதைக் கொண்டுவந்த பேக்கேஜை அப்டேட் செய்யுங்கள். ரியாக்டும் ரியாக்ட்-டாமும் கடைசிப் புள்ளி வரை ஒரே வெர்ஷனாக இருக்கட்டும்.

எந்த பேக்கேஜ் எந்த வெர்ஷன் என்று பதிந்து வைக்கும் லாக் ஃபைலில் மட்டும் கை வைக்காதீர்கள். அதை அழித்தால் சம்பந்தமில்லாத பேக்கேஜ்களும் சேர்ந்து நகரும், எதனால் உடைந்தது என்று தேடவே முடியாது.