லாரி விபத்துக்குப் பிறகு வக்கீல் தேடுவது எப்படி? முதல் முறை தேடுபவர்களுக்குப் படிப்படியாக

சரக்கு லாரி மோதி வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வக்கீலைப் பற்றி யோசிக்க யாருக்கும் மனம் வராது. அது இயல்புதான். ஆனால் அதே நேரத்தில் எதிர்த்தரப்பு வேலையை ஆரம்பித்திருக்கும். பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளும் அவர்களுடைய இன்சூரன்ஸ் கம்பெனிகளும் செய்தி கிடைத்த அன்றே விபத்து நடந்த இடத்துக்கு ஆள் அனுப்புவது உண்டு. படம் எடுப்பார்கள், டிரைவரிடம் எழுதி வாங்குவார்கள், வண்டியைச் செட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நம் பக்கத்திலும் அந்த வேலையைப் பார்க்க ஒருவர் வேண்டும்.

அடிபட்டவரால் அலைய முடியாது. அதனால் அவருடைய கணவரோ மனைவியோ பிள்ளைகளோ கூடப்பிறந்தவர்களோ இதைப் படிப்பதாக நினைத்தே எழுதுகிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் தேவையான இடங்களில் சில நாடுகளின் விதிகளைச் சொல்லியிருக்கிறேன். தேடும் முறை எல்லா இடத்துக்கும் ஒன்றுதான்.

படி 1: வக்கீலிடம் போகும் முன் சேர்த்துவைக்க வேண்டியவை

முதலில் சிகிச்சை. அப்புறம்தான் மற்றது எல்லாம். டாக்டரிடம் எல்லா வலியையும் சொல்லச் சொல்லுங்கள். கால் எலும்பு முறிந்தவர் கழுத்து வலியைப் பெரிதாக நினைக்க மாட்டார். மூன்று மாதம் கழித்து அந்தக் கழுத்தே தொந்தரவு கொடுத்தால், முதல் நாள் குறிப்பில் அது இல்லையே என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

லாரியின் படங்கள் முக்கியம். டிரெய்லர் வண்டியாக இருந்தால் முன்னால் இழுக்கும் வண்டிக்கு ஒரு நம்பரும் பின்னால் இழுபடும் டிரெய்லருக்கு வேறு நம்பரும் இருக்கலாம். இரண்டுக்கும் உரிமையாளர்களே வேறாக இருக்கலாம். முன்பக்க நம்பரை மட்டும் படம் எடுத்துவிட்டு வந்தால், வழக்கில் சேர்க்க வேண்டிய ஒருவரைப் பிறகு தேடி அலைய வேண்டிவரும். கதவில் எழுதியிருக்கும் கம்பெனி பெயர், கண்டெய்னர் மேல் இருக்கும் எண், ஏற்றியிருந்த சரக்கு என எல்லாவற்றையும் எடுங்கள். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் லாரிகளின் பக்கவாட்டில் ‘யுஎஸ்டாட்’ என்ற எழுத்துகளோடு ஒரு எண் இருக்கும். அதைப் போட்டுப் பார்த்தால் அந்தக் கம்பெனியின் பாதுகாப்புப் பதிவுகளை மத்திய அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

போலீஸ் பதிவின் நகல், ஆஸ்பத்திரி ரசீதுகள், அடிபட்டவரின் வருமானத்தைக் காட்டும் காகிதங்கள், நேரில் பார்த்தவர்களின் போன் நம்பர்கள், இவை போதும். பக்கத்துக் கட்டடத்தில் சிசிடிவி இருந்தால் அன்றே போய், அந்த நேரத்துப் பதிவை அழியவிடாமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கேமராக்களில் புதிய பதிவு பழையதன் மேலேயே ஏறிவிடும்.

இடையில் எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் வரும். மிகவும் கனிவாகவே பேசுவார்கள். “எப்படி நடந்தது என்று சும்மா சொல்லுங்கள், ரெக்கார்ட் செய்துகொள்கிறோம்” என்றால், “வக்கீல் வைத்த பிறகு பேசுகிறோம்” என்று சொல்லிப் போனை வைத்துவிடுங்கள். எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வேண்டாம்.

படி 2: கெடுவைத் தெரிந்துகொள்ளுங்கள்

இழப்பீடு கேட்க எல்லா நாட்டிலும் ஒரு காலக்கெடு உண்டு. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி விபத்து நடந்து 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். இது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் பொதுவாக 2 வருடம், பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் 3 வருடம், தீபகற்ப மலேசியாவில் 6 வருடம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் 2 வருடம், டென்னசியில் 1 வருடம்தான். மோதியது அரசு வண்டி என்றால் கெடு இன்னும் சுருங்கலாம். கலிபோர்னியாவில் அரசு அமைப்புக்கு எதிரான கோரிக்கையை 6 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

நியூசிலாந்து மாதிரி சில இடங்களில் காயத்துக்கு இழப்பீடு கேட்டு வழக்கே போட முடியாது. அரசின் விபத்து நிதி மூலம்தான் பணம் வரும். அங்கே அந்த நிதியின் முடிவுகளை எதிர்த்து வாதாடத் தெரிந்தவரைத் தேட வேண்டும்.

கெடு நீளமாக இருக்கிறதே என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

படி 3: லாரி வழக்கில் சாட்சி எங்கே இருக்கிறது?

ஒரு கார் இன்னொரு காரில் மோதினால், யார் மேல் தப்பு என்பதற்கான சாட்சியம் பெரும்பாலும் சாலையிலேயே கிடைத்துவிடும். சரக்கு லாரி வழக்கில் பாதிக்கு மேல் லாரிக் கம்பெனியின் அலுவலகத்திலும் அந்த வண்டிக்குள்ளும்தான் இருக்கும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் எந்த வக்கீல் வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

டிரைவர் எத்தனை மணி நேரமாகத் தூங்காமல் ஓட்டினார்? அமெரிக்க விதிப்படி தொடர்ச்சியாக 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவெளி கட்டாயம், பொதுவாக ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான். இந்த நேரத்தைக் கணக்கெடுக்க வண்டியிலேயே கருவி இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் கம்பெனி அந்தப் பதிவுகளை 6 மாதம் வரைதான் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் அழித்தால், யாரும் முன்கூட்டிக் கேட்காத பட்சத்தில், அது தப்பு என்று காட்டுவது கஷ்டம். டெக்சாஸ் மாதிரி இடத்தில் வழக்குப் போட 2 வருடம் இருக்கிறது, சாட்சியத்தின் ஆயுளோ 6 மாதம்.

எஞ்சினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் விஷயம் இன்னும் அவசரம். பல லாரிகளில் வண்டி கடைசியாக நிற்பதற்குச் சற்று முன் இருந்த வேகம், பிரேக் எப்போது மிதிபட்டது என்ற விவரமெல்லாம் அதில் பதிவாகும். வண்டியைப் பழுது பார்த்து மறுபடி ஓட்ட ஆரம்பித்தால் புதிய பதிவு வந்து பழையதை அழித்துவிடும். இதோடு பிரேக் சர்வீஸ் கணக்கு, எடைச் சீட்டு, ஜி.பி.எஸ்., டிரைவரின் போன் பதிவு, விபத்துக்குப் பிறகு எடுத்த மது, போதைப் பரிசோதனை முடிவு ஆகியவையும் உண்டு.

அதனால் நல்ல வக்கீல் முதலில் செய்வது, “இன்ன தேதியில், இன்ன நம்பர் வண்டி, இன்னின்ன பதிவுகளை அழிக்கக் கூடாது, வண்டியை நாங்கள் பரிசோதிக்கும்வரை பழுது பார்க்கக் கூடாது” என்று கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்புவதுதான். அதற்குப் பிறகும் அழித்தால் நீதிமன்றத்தில் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் அந்தப் பதிவுகளைக் காப்பாற்றச் சொல்லி உத்தரவே கேட்கலாம்.

பொறுப்பாளிகளும் ஒருவர் மட்டும் இல்லை. டிரைவர், வண்டி உரிமையாளர், லோடு எடுத்துக்கொடுத்த கம்பெனி, அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றியவர்கள், பிரேக்கைச் சரிபார்த்த ஒர்க் ஷாப், டயர் தயாரிப்பாளர் என்று பலர் இருக்கலாம். யாரை விடாமல் சேர்க்க வேண்டும் என்று தெரிந்தவர் வேண்டும்.

படி 4: மூன்று நான்கு பெயர்களைச் சேருங்கள்

தெரிந்த வக்கீல் யாராவது இருந்தால், அவர் சொத்து வழக்கோ குடும்ப வழக்கோ நடத்துபவராக இருந்தாலும் சரி, “உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படி நடந்தால் யாரிடம் போவீர்கள்?” என்று கேளுங்கள். கோர்ட்டில் யார் நன்றாக வேலை செய்கிறார் என்பது வக்கீல்களுக்குத் தெரியும். விளம்பரப் பலகையைவிட இந்த ஒரு கேள்வியை நான் நம்புவேன். உங்கள் ஊர் வக்கீல் சங்கத்திலும் விசாரிக்கலாம். சேர்த்த பெயர்கள் உண்மையிலேயே பதிவு பெற்றவையா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருக்கிறதா என்று பார் கவுன்சிலிலோ அதற்கு இணையான அமைப்பிலோ சரிபாருங்கள்.

பணம் இல்லை என்பதற்காகப் பின்வாங்க வேண்டாம். பல நாடுகளில் இலவசச் சட்ட உதவி உண்டு. இந்தியாவில் 1987ஆம் வருடச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அது கிடைக்கும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.

ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து, “எங்கள் வக்கீல் எல்லாம் பார்த்துக்கொள்வார், இதில் கையெழுத்துப் போடுங்கள்” என்பவர்களை அப்படியே திருப்பி அனுப்புங்கள். இந்தியாவில் வக்கீல்கள் இப்படி ஆள் பிடிப்பது பார் கவுன்சில் விதிப்படி தடை. அமெரிக்காவிலும் நேரில் வந்து வழக்குக் கேட்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. துக்கத்தில் இருக்கும் வீட்டில் காகிதத்தை நீட்டுபவர், விதியை மீறித்தான் உங்களிடம் வந்திருக்கிறார்.

படி 5: முதல் சந்திப்பு

இரண்டு பேரையாவது நேரில் பாருங்கள். பல வக்கீல்கள் முதல் சந்திப்புக்குப் பணம் வாங்குவதில்லை. போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

“எத்தனை கேஸ் ஜெயித்திருக்கிறீர்கள்?” என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்கு எல்லோரிடமும் நல்ல பதில் இருக்கும். இப்படிக் கேளுங்கள்: “இன்றைக்கே கேஸை உங்களிடம் கொடுத்தால், இந்த வாரம் என்ன செய்வீர்கள்?” படி 3ல் சொன்ன நோட்டீஸைப் பற்றி, வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்பதைப் பற்றி அவர் தானாகப் பேசுகிறாரா பாருங்கள். “முதலில் வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்” என்றால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

அடுத்து, சரக்கு லாரி வழக்குகளைத் தனியாக நடத்திய அனுபவம் உண்டா? வண்டிப் பதிவுகளைப் படித்துச் சொல்லும் நிபுணர் யாரையாவது அவருக்குத் தெரியுமா? டிரைவருக்குச் செல்லும்படியான லைசென்ஸ் இல்லை என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்தால் என்ன வழி? இந்தியாவில் இப்படிப்பட்ட பல வழக்குகளில், கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. விஷயம் தெரிந்தவர் இதைத் தயங்காமல் சொல்வார்.

இன்னொன்றும் கேட்டே ஆக வேண்டும்: லாரிக் கம்பெனிக்கோ அதே இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ அவர் ஆஜராகிறாரா? கோர்ட்டில் நிற்கப்போவது அவரா, ஜூனியரா? ஜூனியர் பார்ப்பதில் தப்பில்லை, அது யார் என்று முன்பே தெரிந்தால் போதும்.

முதல் நாளே ஒரு பெரிய தொகையைச் சொல்லி, “கட்டாயம் வாங்கிக் கொடுத்துவிடுவேன்” என்பவரை நம்ப வேண்டாம். காயம் எந்த அளவுக்கு ஆறும் என்பது டாக்டருக்கே தெரியாத நேரம் அது.

படி 6: ஃபீஸ்

அமெரிக்காவில் ஜெயித்தால் மட்டும் பங்கு என்ற முறை சாதாரணம். மூன்றில் ஒரு பங்கு என்பது வழக்கம், விசாரணைவரை போனால் 40 சதவீதம்கூடக் கேட்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஜெயித்ததற்கான கூடுதல் கட்டணம், எதிர்கால இழப்புக்கான தொகை தவிர்த்த இழப்பீட்டில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் வக்கீல் இழப்பீட்டில் பங்கு பேசுவதே பார் கவுன்சில் விதிகளுக்கு விரோதம். மலேசியாவிலும் அதற்குத் தடை இருக்கிறது. தடை உள்ள இடத்தில் யாராவது “வருவதில் இத்தனை சதவீதம்” என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நிபுணர் கட்டணம், நகல் செலவு போன்றவற்றை யார் தருவது, தோற்றால் அது யார் தலையில் விழும், பங்கைச் செலவு கழிக்கும் முன் கணக்கிடுவார்களா கழித்த பிறகா, இவை எழுத்தில் இருக்கட்டும். பெரிய வழக்கில் அந்தக் கடைசிக் கேள்வியிலேயே கணிசமான பணம் மாறிவிடும்.

படி 7: கையெழுத்துக்கு முன்

வெற்றுத் தாளிலோ பூர்த்தி செய்யாத படிவத்திலோ கையெழுத்து வேண்டவே வேண்டாம். போடும் ஒவ்வொன்றுக்கும் நகல் வாங்குங்கள். இழப்பீட்டுப் பணம் யார் கணக்கில் வரும் என்று கேளுங்கள். இந்தியாவில் அது இழப்பீடு பெறுபவரின் வங்கிக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். பாஸ்புக்கையும் செக் புத்தகத்தையும் யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள்.

சமரசத்துக்கு வக்கீல் மட்டும் சம்மதித்தால் போதாது, உங்களைக் கேட்க வேண்டும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். இந்தியாவில் வழக்குகளைச் சமரசமாக முடிக்கும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) ஒத்துக்கொண்டால் அதற்கு அப்பீல் கிடையாது. சிகிச்சை முடியும் முன், இன்னொரு ஆபரேஷன் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்காமல் எந்தத் தொகைக்கும் சரி என்று சொல்ல வேண்டாம்.

கேஸ் போட்ட பிறகு

வழக்கு எண்ணை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இ-கோர்ட்ஸ் தளத்தில் வாய்தா தேதியை நீங்களே பார்க்கலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். முதல் மாதத்திலேயே நோட்டீஸும் போகவில்லை, போனும் எடுக்கவில்லை என்றால் வக்கீலை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. வேலை செய்த வரைக்கும் ஃபீஸைத் தீர்த்து, மாற்றத்துக்கான சம்மதத்தை எழுதி வாங்கி, கேஸ் கட்டை முழுதாகப் புதியவரிடம் சேர்த்துவிடுங்கள். மருத்துவ அறிக்கைகளின் அசல் மட்டும் எப்போதும் வீட்டிலேயே இருக்கட்டும். கோர்ட் அசலைக் கேட்கும் நாளில் நீங்களே எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கலாம்.