தெரு நாய்க்குட்டியை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் முன்

கதவைச் சாத்தி வைக்க ஒரு தனி அறை காலியாக இருந்தால் மட்டும் புதுக்குட்டியை ஏற்றுக்கொள்ளுங்கள். 14 நாள் அது அங்கேயே இருக்கட்டும். நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் தொற்றினாலும் வாந்தி, ரத்தப்பேதி தெரியச் சில நாட்கள் ஆகும். சில சமயம் இரண்டு வாரம்கூட. அதற்குள் மற்ற குட்டிகளோடு விட்டால், தடுப்பூசி முடியாதவை எல்லாம் மாட்டிக்கொள்ளும். தட்டு, துடைப்பம், செருப்பு அந்த அறைக்கென்று தனியாக வேண்டும். வீட்டுக் குட்டிகளைக் கவனித்துவிட்டுக் கடைசியாகத்தான் அங்கே போக வேண்டும்.

பினாயிலை நம்பாதீர்கள், வாசனைதான் மிச்சம். தரையைச் சோப்புப் போட்டுக் கழுவி, 30 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு பிளீச் கலந்து ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். மண்தரையில் இதுவும் எடுபடாது. கிருமி ஒரு வருடம்கூடத் தாங்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குத் தடுப்பூசி முடித்த பெரிய நாய் சரி, குட்டி கூடாது. அறை காலியில்லை என்றால் மருத்துவச் செலவுக்குக் கைகொடுங்கள்.