களிமண் மனையில் வீடு: கடைக்காலில் செய்யக் கூடாத தவறுகள்

திருவாரூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக ஏறும் விரிசல் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஐப்பசி மழையில் வாசல் கதவு இறுகும், சித்திரையில் தானாகவே சரியாகிவிடும். உடனே எல்லோரும் கொத்தனாரைத் திட்டுவார்கள், இல்லாவிட்டால் சிமெண்டைத் திட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு இருப்பது அடியில் உள்ள மண்ணில்.

கோடையில் வயலில் இறங்கிப் பாருங்கள், மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், சில வெடிப்பில் கையே நுழையும். மழை விழுந்ததும் அதே வயல் வாயை மூடிக்கொள்ளும். இந்தக் களியில் இருக்கும் மாண்ட்மொரில்லோனைட் போன்ற கனிமங்கள் தண்ணீரைத் தம் அடுக்குகளுக்குள் இழுத்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறந்து ஜனவரி 28இல் மூடுகிறார்கள். நடுவில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அப்புறம் மே வரைக்கும் காய்ச்சல்தான். ஆக வருஷத்துக்கு ஒரு உப்பல், ஒரு சுருங்கல். மண் எப்போதும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் கூடப் பெரிய தொல்லை இல்லை. மாறி மாறி ஆவதும், அதிலும் வீட்டின் ஒரு பக்கம் மட்டும் மாறுவதும்தான் சுவரைப் பிளக்கிறது. கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இந்த ஈர மாற்றத்தைக் கூட்டுபவை, அல்லது அதைக் கணக்கில் எடுக்காதவை.

முதல் தவறு, "பக்கத்து வீட்டுக்காரர் நாலடி தோண்டினார், நமக்கும் அது போதும்" என்று வாணம், அதாவது கடைக்கால் குழி, வெட்டுவது. டெல்டா முழுக்க ஒரே மண் கிடையாது. வல்லம் பக்கம் செம்மண்ணும் செம்பாறையும், ஆற்றுப் படுகையில் மணல் கலந்த வண்டல், கொஞ்சம் தள்ளிப் போனால் கெட்டிக் களி. சோதனைக்கு ஆகும் செலவு கட்டுமானச் செலவில் ஒரு மூலைக்கு வராது. காய்ந்த மண்ணைச் சலித்து 10 கிராம் வீதம் இரண்டு கண்ணாடிக் குழாயில் போடுவார்கள், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களி உப்பாது. ஒரு நாள் கழித்துத் தண்ணீரில் இருக்கும் மண் எத்தனை சதவீதம் கூடுதலாக உப்பியிருக்கிறது என்று பார்ப்பார்கள். 50 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரணக் கடைக்காலை மறந்துவிடுங்கள். கடைக்கால் போகும் ஆழத்திலிருந்து மண்ணை எடுத்துக் கொடுங்கள், மேல்மண்ணைச் சோதித்துப் பயனில்லை.

"கீழ்த்தளம் மட்டும்தானே, லேசான வீடுதானே" என்ற நினைப்பு அடுத்தது. உப்பும் மண் கீழிருந்து மேலே தள்ளுகிறது, அதை அமுக்கி வைக்க எடை வேண்டும். அதனால் மாடி வீட்டைவிட ஒற்றைத் தளத்து வீடும், அதைவிட மதில் சுவரும் திண்ணையும்தான் முதலில் தூக்கிக்கொள்ளும். இப்படிப்பட்ட மண்ணுக்கென்றே அண்டர் ரீம்டு பைல் முறை இருக்கிறது, அதாவது மண்ணில் துளை போட்டு இறக்கும், அடியில் குமிழ் விரிந்த கான்கிரீட் தூண், ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டில் பரப்பியது. களி ஆழமாக இருந்தால் பைல் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஈரம் ஏறி இறங்கும் அடுக்கைத் தாண்டிப் போய் அசையாத மண்ணில் குமிழ் உட்கார வேண்டும் என்பதுதான் கணக்கு. நம் ஊரில் நிலத்தடி நீர் மேலேயே கிடப்பதால் குழி சரியும், பழகிய ஆள் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

பைல் சரியாகப் போட்டும் வீணாகிற இடம் ஒன்று உண்டு. பைல்களை இணைக்கும் பீமுக்கு அடியில் சுமார் 8 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும், மண் உப்பினால் அந்தக் காலி இடத்துக்குள் உப்பிவிட்டுப் போகட்டும் என்று. மேஸ்திரிகள் பலர் "அடியில் ஓட்டை இருந்தா பாம்பு வரும் சார்" என்று மண்ணை அடைத்து, அதன் மேலேயே கான்கிரீட் ஊற்றிவிடுவார்கள். பிறகு பைலின் குமிழ் கீழே பிடித்து இழுக்க, மண் பீமை மேலே தள்ள, பீமே வெடிக்கும். பாம்புக்குப் பயமென்றால் பக்கவாட்டில் செங்கல் தடுப்பு வையுங்கள், அடியை அடைக்காதீர்கள். கான்கிரீட் ஊற்றும் அன்று நீங்களே குனிந்து பாருங்கள்.

வயல் மண்ணையே அள்ளிப் பேஸ்மட்டத்தை நிரப்புவதும் பரவலான தவறு. டைல்ஸ் நடுவில் கூரை மாதிரி எழும்பி நிற்பது இதனால்தான். சரி, மணல் போடலாமா என்றால், சுற்றிலும் களி இருக்கும் குழியில் மணலை நிரப்பினால் மழைத் தண்ணீர் அதில் இறங்கித் தங்கி அடிக் களியை நிதானமாக ஊறவைக்கும். உப்பாத கிராவல் மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து நிரப்புவதே நல்லது.

கட்டி முடித்த வீட்டில் தண்ணீர்தான் முதல் எதிரி. மொட்டை மாடிக் குழாய் நேராகச் சுவர் ஓரத்தில் கொட்டும், குளியலறைத் தண்ணீர் ஒரு மூலையில் நிற்கும் வாழைக்குப் போகும், செப்டிக் டேங்கின் உறைக்குழி சமையல்கட்டுச் சுவரை ஒட்டியே இருக்கும். அந்த மூலை வருஷம் முழுக்க ஊறிக் கிடக்க, எதிர் மூலை வெயிலில் காயும். வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் சாய்வாக நாலடி அகலத்துக்குத் தளம் போட்டு, சுவரோடு சேரும் இடத்தை அடைத்து, எல்லாத் தண்ணீரையும் தூரத்தில் விடுங்கள்.

மரத்தில் இரண்டு தவறு. வேம்பு, அரசு, மூங்கில் எல்லாம் சுவர் ஓரத்தில் வைத்தால் கோடையில் கடைக்கால் ஈரத்தை உறிஞ்சும். மரம் வளரும் உயரமாவது தள்ளி வையுங்கள். ஏற்கனவே பெரிதாகி நிற்கும் மரத்தை அவசரப்பட்டு வெட்டுவதும் ஆபத்து, உறிஞ்ச ஆளில்லாமல் அந்த இடம் உப்ப ஆரம்பிக்கும்.

ரிப்பேருக்கு வருவோம். சித்திரையில் விரிசல் அகலமாகத் தெரிகிறதே என்று கெட்டி சிமெண்ட் கலவையைத் திணிக்கிறார்கள். மழையில் சுவர் மூடிக்கொள்ளப் பார்க்கும், முடியாமல் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். முதலில் தண்ணீரைச் சரிசெய்யுங்கள். விரிசல் முடியும் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டுங்கள், சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒரு கோடை, ஒரு மழைக்காலம் பார்த்த பிறகே பூச்சு. விரிசல் மேலே அகலமாக இருந்தால் பெரும்பாலும் வீட்டின் ஓரம் இறங்குகிறது அல்லது நடுப்பகுதி எழும்புகிறது. கீழே அகலமென்றால் நேர் எதிர்.

கடைக்காலுக்கு அடியில் தோண்டி வலுப்படுத்தச் சொன்னால், சுவர் நீளத்துக்கும் ஒரேயடியாகத் தோண்ட விடாதீர்கள். சுமார் ஒரு மீட்டர் துண்டாக, ஒன்று விட்டு ஒன்று செய்ய வேண்டும். ஒரு மூலையை மட்டும் ஆழமாக இறக்கி மற்றதை அப்படியே விட்டால், இரண்டும் சேரும் இடத்தில் அடுத்த விரிசல் வரும். பீமிலோ பில்லரிலோ விரிசல் தெரிந்தால், அல்லது கான்கிரீட் உதிர்ந்து கம்பி வெளியே வந்திருந்தால், அதன் மேல் பூசாமல் அப்படியே கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். பூசி மறைத்த பிறகு அவரைக் கூட்டி வந்தால் விரிசல் எங்கே தொடங்கியது என்று தேட பூச்சை மறுபடி உடைக்க வேண்டிவரும்.