அஷூர் சான்றிதழைச் செலவில்லாமல் புதுப்பிக்க

அஷூர் என்பது மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவை. அதில் ஏஇசட்-104 மாதிரி அசோசியேட் (இடைநிலை), எக்ஸ்பர்ட் (உயர்நிலை) சான்றிதழ் கையில் இருந்தால், காலாவதிக்கு 6 மாதம் இருக்கும்போதே மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் புதுப்பிப்புத் தேர்வை எழுதிவிடுங்கள். கட்டணம் கிடையாது. ஸ்லாட் புக் பண்ண வேண்டாம், கேமரா கண்காணிப்பும் இல்லை.

சீக்கிரம் எழுதினால் மீதி மாதங்கள் வீணாகுமே என்று பலர் கடைசி வாரம் வரை இழுக்கிறார்கள். வீணாகாது. புதிய ஓராண்டு, தேர்வெழுதிய நாளிலிருந்து அல்ல, பழைய காலாவதித் தேதியிலிருந்துதான் கூடும். ஃபெயிலானால் உடனே இரண்டாம் முறை எழுதலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 24 மணி நேரம் பொறுக்க வேண்டும். முன்கூட்டியே ஆரம்பித்தால் இதற்கெல்லாம் அவகாசம் இருக்கும். தேதி தாண்டிவிட்டால் பழையபடி பணம் கட்டி முழுத் தேர்வையும் எழுத வேண்டியதுதான்.

லேர்ன் கணக்கை ஆபீஸ் மெயிலில் மட்டும் வைத்திருக்காதீர்கள். வேலை மாறியதும் அந்த இன்பாக்ஸும் போய்விடும், நினைவூட்டலும் கண்ணில் படாது.

ஏஇசட்-900 போன்ற ஃபண்டமென்டல்ஸ் (அடிப்படை நிலை) சான்றிதழ்களுக்கு இந்தப் புதுப்பிப்பு தேவையில்லை. அவை காலாவதி ஆவதில்லை. மைக்ரோசாஃப்ட்டே நிறுத்திவிட்ட சான்றிதழை, நிறுத்திய தேதிக்குப் பிறகு புதுப்பிக்க வழியில்லை. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் கதை வேறு, அங்கே சான்றிதழ் 3 ஆண்டு செல்லும்.