நரமாமிசக் குற்றச்சாட்டைச் சோதிப்பது எப்படி?

"அவர்கள் மனிதக் கறி தின்பவர்கள்" என்று ஒரு பழைய பதிவு சொன்னால், எழுதியவர் கண்ணால் பார்த்தாரா, அப்படிச் சொல்வதால் யாருக்கு லாபம் என்பதை முதலில் பாருங்கள். நரமாமிசம் தின்பவரைக் குறிக்கும் 'கேனிபல்' என்ற ஆங்கிலச் சொல்லே காதுவழிச் செய்தியில் பிறந்தது. கரீபியத் தீவுவாசிகள் தங்கள் எதிரிகளைப் பற்றிச் சொன்னதை 1492-ல் கொலம்பஸ் எழுதிவைத்தார். மனிதரைத் தின்பவர்களை அடிமையாகப் பிடிக்கலாம் என்று 1503-ல் ஸ்பெயின் அரசி இசபெல்லா அனுமதித்தார். பிறகு அந்தப் பட்டத்தைச் சூட்டுவதே ஆதாயமாகிப்போனது.

அதற்காகக் காதுவழிச் செய்தி எல்லாமே பொய்யாகிவிடாது. 1845-ல் கப்பலில் ஆர்க்டிக் சென்ற பிரிட்டனின் ஃபிராங்க்ளின் குழுவினர் பசியில் ஒருவரையொருவர் தின்றதாக அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் சொன்னதை 1854-ல் ஜான் ரே என்ற பயணி லண்டனுக்கு எழுதினார். சொன்னவர்களும் நேரில் பார்த்தவர்களல்ல. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அதை ஏற்கவே மறுத்தார். ஆனால் அக்குழுவினர் மடிந்த கிங் வில்லியம் தீவில் கிடைத்த எலும்புகளில் கத்தி வெட்டுகள் இருப்பது 1990-களில் தெரியவந்தது.

ஆகவே எலும்புக்கு வாருங்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் கத்தித் தடம் ஒல்லியாக, 'வி' வடிவில் இருக்கும். விலங்கின் பல் தடம் அகலமாக, அடி மழுங்கியிருக்கும். வெட்டின் உட்புறம் வெளிறியிருந்தால் அது அகழாய்வில் தோண்டியவரின் கொத்துக்கரண்டி பட்ட கீறலாக இருக்கலாம். பழைய வெட்டு எலும்பின் நிறத்திலேயே இருக்கும். வெட்டு மட்டும் போதாது. இரண்டாம் அடக்கத்துக்காக, அதாவது எலும்பை மட்டும் எடுத்து மறுபடி அடக்கம் செய்ய, சதையை வழிப்பவர்களும் வெட்டுவார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆனால் அடக்கத்துக்காக வழிப்பவர்களுக்கு எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை தேவையில்லை. கை, கால் எலும்புகள் பச்சையாக இருக்கும்போதே அடித்து உடைக்கப்பட்டனவா என்று பாருங்கள்: பச்சை எலும்பு சுருள்வாக்கில், வழவழப்பான விளிம்போடு பிளக்கும், காய்ந்தது குறுக்கே, சொரசொரப்பாக முறியும். துண்டின் முனை பளபளத்தால், சட்டியில் கொதிக்கும்போது உட்சுவரில் உரசியிருக்கலாம். கடைசியாக, அதே மண்ணடுக்கில் கிடைத்த விலங்கு எலும்புகளை அருகே வையுங்கள். பிரான்சின் மூலா-கெர்சி குகையில், சுமார் 1,00,000 ஆண்டுகளுக்கு முன், நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்தவரின் எலும்பும் மான் எலும்பும் ஒரே விதமாக அறுத்து உடைக்கப்பட்டுக் கலந்து கிடந்தன. என் கணக்கில் இதைவிட வலுவான எலும்புச் சான்று அரிது.

இருந்தும் விழுங்கியதை எலும்பு காட்டாது. அமெரிக்காவின் கொலராடோவில், கௌபாய் வாஷ் என்ற இடத்தில், சுமார் 1150-ஐச் சேர்ந்த காய்ந்த மலத்தில் மனித மயோகுளோபின் கிடைத்தது. தசையில் மட்டுமே உள்ள இந்தப் புரதம், தின்றால்தான் மலத்தில் வரும். இப்படிப்பட்ட சான்று அபூர்வம்.

ஏன் தின்றார்கள் என்பது தனிக் கேள்வி. பசி, பகை என்று உடனே எழுதிவிடாதீர்கள். பப்புவா நியூகினியின் ஃபோரே மக்கள் இறந்த உறவினரைத் துக்கச் சடங்காக உண்டார்கள். மூளையை உண்ட பெண்களையும் குழந்தைகளையும்தான் மூளையைச் சிதைக்கும் கூரு நோய் அதிகம் தாக்கியது. வழக்கம் 1960 வாக்கில் நின்றபின்னும், சிலருக்கு 50 ஆண்டுகள் கழித்து அது தலைகாட்டியது. இங்கிலாந்தின் கஃப் குகையில் கிடைத்த ஒரு முன்கை எலும்பு இன்னும் குழப்பும். சதையை வழித்தபின் அதன்மேல் மேலும் கீழுமாக மடங்கிச் செல்லும் கோடுகள் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பிறகே மஜ்ஜைக்காக உடைத்திருக்கிறார்கள்.